வாடகைக் கோர்ட்: சென்னையில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் வழக்குகளின் கதை

வாடகைப் பாக்கி, காலி செய்ய மறுப்பது, உள்வாடகைக்கு விடுவது, ஒழுகும் கூரையைக் கண்டுகொள்ளாமல் இருப்பது, அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது: வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் வருகிற சண்டைகள் எந்த ஊரிலும் ஏறக்குறைய இவைதான். ஆனால் சண்டை வழக்காக மாறும்போது என்ன உருவம் எடுக்கும் என்பதை அந்தந்தக் காலத்துச் சட்டமே முடிவு செய்தது. சென்னையில் அந்தச் சட்டம் பலமுறை அடியோடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் பழைய சண்டைகளில் சிலவற்றை அடக்கியது. அதைவிட அதிகமாகப் புதிய சண்டைகளுக்கு வழி திறந்தது.

பழைய ஏற்பாட்டின் அடித்தளம் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். அதன் 105 முதல் 117 வரையிலான பிரிவுகள் குத்தகையைப் பற்றியவை. அந்தச் சட்டத்தின் பார்வையில் வீட்டு வாடகை என்பது இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தம், அவ்வளவுதான். மாத வாடகைக் குடித்தனத்தை எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம். 15 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த நோட்டீஸில் ஒரு கண்ணி இருந்தது. 15 நாள் கெடு, குடித்தன மாதம் முடிகிற நாளோடு முடிய வேண்டும். ஆங்கில மாதக் கணக்கில் குடிவந்தவருக்கு 20ஆம் தேதியோடு முடிகிற கெடு செல்லாது. தேதி ஒரு நாள் பிசகினாலும் வழக்கு அடிபட்டுப்போனது. இதனால் வாடகை வழக்குகளில் பாதி வாதம் குடித்தனம் தொடங்கியது எந்தத் தேதியில், தமிழ் மாதக் கணக்கிலா ஆங்கில மாதக் கணக்கிலா என்பதிலேயே கழிந்தது. இந்தக் கண்ணியை நாடாளுமன்றம் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அவிழ்த்தது. இடைப்பட்ட 120 ஆண்டுகள் அது வக்கீல்களுக்குச் சோறு போட்டது.

பழுது பார்க்கும் பொறுப்பிலும் அந்தச் சட்டம் ஒப்பந்தத்தையே பார்த்தது. பழுது பார்க்க வீட்டுக்காரர் கட்டுப்பட்டிருந்து, சொல்லியும் செய்யாவிட்டால், குடித்தனக்காரர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். கட்டுப்படவே இல்லையென்றால் ஒழுகுகிற வீட்டில் இருப்பதும் விட்டுப் போவதும் அவர் பாடு. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இன்னொரு பூட்டையும் போட்டிருந்தது. ஒருவரிடம் வாடகைக்குக் குடிபுகுந்தவர், குடித்தனம் நீடிக்கும்வரை, அவருக்கு அந்த வீட்டில் உரிமையே கிடையாது என்று வாதாட முடியாது.

மாநகரத்தில் வீட்டுக்காரர் கையில் இதைவிடக் கூர்மையான ஆயுதமும் இருந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் சிறுவழக்கு நீதிமன்றங்களுக்கான 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில், வாடகைப் பாக்கிக்காக ஜப்தி செய்வதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. பாக்கி இருப்பதாக வீட்டுக்காரர் பிரமாணம் செய்து மனுக் கொடுத்தால், வழக்கு நடந்து தீர்ப்பு வரக் காத்திராமல், கோர்ட் ஜப்தி உத்தரவு பிறப்பிக்கலாம். அமீனா வீட்டுக்குள் புகுந்து சாமான்களைக் கைப்பற்றிப் பட்டியல் எழுதுவார். அதற்கும் சில வரம்புகள் உண்டு. சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும்தான் ஜப்தி செய்யலாம். ஒருவர் கையில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. உடுத்தத் தேவையான துணியைத் தொடக் கூடாது. வேறு பொருள்கள் போதுமான அளவு இருந்தால் தொழில் கருவிகளை எடுக்கக் கூடாது. மற்றபடி பாத்திரம் பண்டம், கட்டில், பெட்டி எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஒரு மாத வாடகை தவறினால் தெருவே பார்க்கப் பாத்திரங்கள் வாசலுக்கு வரும் என்ற அச்சமே பல பாக்கிகளை வழக்கில்லாமல் வசூலித்துக் கொடுத்திருக்கும்.

11 மாத ஒப்பந்தம் என்கிற, இன்றும் எல்லாரும் அறிந்த வழக்கம், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தோடு ஒட்டியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் அதையே வலியுறுத்தியது. பதிவென்றால் முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம், அலைச்சல். ஆகவே 11 மாதத்துக்கு எழுதி, முடிந்ததும் மறுபடி எழுதி, அல்லது எழுதாமலே விட்டு, முப்பது நாற்பது ஆண்டு குடியிருந்தவர்கள் உண்டு. பின்னாளில் பல வழக்குகளில் வாடகை எவ்வளவு என்பதற்கே எழுத்துச் சான்று இல்லாமல் போனதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

முதல் உலகப் போரும் அதற்குப் பிந்தைய விலையேற்றமும் இந்த ஒப்பந்த உலகைக் குலைத்தன. பிரிட்டனில் 1915இல் கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள் வாடகை தர மறுத்துப் போராடியதையடுத்து வாடகை உயர்வுக்கு அங்கே சட்டத் தடை வந்தது. பம்பாய் 1918இலும் கல்கத்தா 1920இலும் வாடகைச் சட்டம் கொண்டுவந்தன. சென்னை வேறு வழியில் போனது. இங்கே அப்போது கண்ணை உறுத்தியது வீட்டு வாடகையல்ல, அடிமனை வாடகை.

நகரில் ஏராளமானோர் அடுத்தவர் மனையில் தங்கள் செலவில் வீடு கட்டிக்கொண்டு மண்ணுக்கு மட்டும் வாடகை கொடுத்து வந்தார்கள். மனை கோயிலுடையதாக, மடத்துடையதாக, தனியாருடையதாக இருக்கும். மேலிருக்கும் கட்டடம் குடியிருப்பவருடையது. மண் விலை ஏறியதும் மனைக்காரர்கள் நோட்டீஸ் விட்டார்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி மனையில் கட்டியவருக்கு இருந்த உரிமை, கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போவது மட்டுமே. ஓட்டு வீட்டைப் பிரித்தால் மரமும் ஓடும் மிஞ்சும், சுவர் மிஞ்சாது. இந்த அநியாயத்துக்கு வந்த பதில்தான் 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் (1922இன் 3ஆம் சட்டம்). வெளியேற்றுவதானால் கட்டடத்துக்கு இழப்பீடு கொடுத்தே வெளியேற்ற வேண்டும் என்றது அது. அதன் 9ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. வெளியேற்ற வழக்கு வந்தால், குடியிருப்பவர் அந்த மனையையே தனக்கு விற்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். பின்னாளைய திருத்தங்களின்படி, அவர் வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்த அளவு நிலம் எவ்வளவு என்று கோர்ட் முடிவு செய்து, முந்தைய மூன்றாண்டுச் சந்தை விலையின் சராசரியில் விலை வைக்கும், தவணையிலும் கட்டலாம். வழக்குப் போட்ட மனைக்காரர், வழக்கின் முடிவில் விற்பவராக வெளியே வருவார். சொத்துரிமையை இவ்வளவு துணிச்சலாகத் தலைகீழாக்கிய சட்டங்கள் அந்தக் காலத்தில் அரிது.

அந்தச் சட்டம் நீண்ட காலம் வாழ்ந்தது, வாழ்நாள் முழுக்க வழக்குகளையும் பெற்றது. 1955இல் நகரத்துக்கு வெளியேயும், கடை, தொழிற்கூடம் போன்ற கட்டடங்களுக்கும் அதன் பாதுகாப்பு நீட்டிக்கப்பட்டது. 1960இல் சில ஊர்களைப் பொறுத்தவரை அந்த நீட்டிப்பு திரும்பப் பெறப்பட்டது. தஞ்சாவூரில் சங்கரசுவாமிகள் மடத்து மனையில் இருந்த ஒரு மோட்டார் போக்குவரத்து நிறுவனம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பெரிய மாற்றம் 1996இல் வந்தது. சமய நிறுவனங்களின் மனைகள் சட்டத்தின் வரம்பிலிருந்தே நீக்கப்பட்டன. கபாலீசுவரர் கோயில் நிலத்தில் இருந்த மயிலாப்பூர் கிளப் உள்ளிட்டோர் இதை எதிர்த்தனர். 2005இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. கோயில் மனையில் தலைமுறையாகக் கட்டி வாழ்ந்தவர்கள், மனையை விலைக்குக் கேட்கும் உரிமையை அதோடு இழந்தார்கள்.

வீட்டு வாடகைக்குத் திரும்பினால், அதன் சட்டத்தைப் பெற்றெடுத்தது இரண்டாம் உலகப் போர். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது; கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் அடுத்த ஆண்டு தனி ஆணை வந்தது. இடையில் ஒரு விநோதம் நடந்தது. 1942 ஏப்ரலில், ஜப்பானியர் தாக்கக்கூடும் என்ற பீதியில் நகரமே காலியானது. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிடைத்த ரயிலில் கிராமத்துக்குப் போனவர்கள் பலர். தாக்குதல் வரவில்லை, போனவர்கள் திரும்பினார்கள். அவர்களோடு பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களும், போர்க்கால வேலை தேடி வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிமென்டும் இரும்பும் போருக்குப் போய்விட்டதால் புது வீடு எழும்பவில்லை. 1941இல் சுமார் 7.77 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1951இல் 14.16 லட்சமானது. இடையில் நகர எல்லை விரிந்ததும் இதில் சேரும் என்றாலும், அதைக் கழித்துப் பார்த்தாலும் நெரிசல் நெரிசல்தான். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ‘ஸ்டோர்’ என்ற பெயரில் ஒரே வாசலுக்குள் பத்துப் பன்னிரண்டு குடித்தனங்கள், பொதுவில் ஒரு குழாய், பொதுவில் ஒரு கக்கூஸ் என்ற வாழ்க்கை நிலைபெற்றது. குழாயடி முறைக்கும் வாசல் விளக்குக்கும் நடந்த சண்டைகளில் சில, ‘மற்றக் குடித்தனக்காரர்களுக்குத் தொல்லை’ என்ற தலைப்பில் பின்னாளில் கோர்ட்டுக்கும் போயின.

போர்க்கால ஆணைகளின் இடத்தில் 1946ஆம் ஆண்டின் சென்னைக் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது; பின் 1949ஆம் ஆண்டுச் சட்டம்; இறுதியாக 1960இன் 18ஆம் சட்டம். வீட்டுப் பஞ்சம் தீரும்வரை என்று கொண்டுவரப்பட்ட தற்காலிக ஏற்பாடு அது. பஞ்சமும் தீரவில்லை, ஏற்பாடும் முடியவில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. இதன் கீழ் வழக்கை விசாரித்தவர் ‘ரெண்ட் கண்ட்ரோலர்’. சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியும் வெளியூர்களில் மாவட்ட முன்சீப்பும் அந்தப் பொறுப்பை வகித்தார்கள். மனுவுக்கு ‘ஆர்.சி.ஓ.பி.’ என்று பெயர். அந்த நான்கெழுத்து, சட்டம் படிக்காத மாம்பலத்துக் குடித்தனக்காரர் வாயிலும் புழங்கியது.

இந்தச் சட்டம் செய்த அடிப்படை மாற்றம் ஒன்றே. ஒப்பந்தம் முடிந்தாலும் குடித்தனம் முடியாது. சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட காரணங்களில் ஒன்றை நிரூபித்தால் மட்டுமே வீட்டுக்காரர் வீட்டைப் பெற முடியும். குடித்தனக்காரர் இறந்தாலும் கூட வாழ்ந்த மனைவியும் மக்களும் அதே இடத்துக்கு வருவார்கள். காரணங்கள் நிரூபணமானால் போதும், 1882ஆம் ஆண்டுச் சட்டப்படியான 15 நாள் நோட்டீஸ் இங்கே தேவையே இல்லை என்று 1979இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளில் தேதிச் சண்டை அதோடு ஓய்ந்தது. அதன் இடத்தைப் பிடித்தவை ‘வேண்டுமென்றே’, ‘உண்மையாகவே’ என்ற சொற்களைச் சுற்றிய சண்டைகள்.

வாடகை தராமல் இருப்பது மட்டும் வெளியேற்றப் போதாது. வேண்டுமென்றே தராமல் இருக்க வேண்டும். நோய், வேலையிழப்பு, குடும்பத்தில் சாவு என்று குடித்தனக்காரர் ஒரு காரணம் காட்டினால் கண்ட்ரோலர் அவகாசம் கொடுக்கலாம். 1973ஆம் ஆண்டுத் திருத்தம், இரண்டு மாதம் கெடு வைத்து நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் அது வேண்டுமென்றே செய்த தவறு என்று விளக்கம் சேர்த்தது. அப்படியானால் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டுமா, நோட்டீஸ் இல்லாமலும் நிரூபிக்கலாமா என்று அடுத்த சண்டை. அதுவும் 1985இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கு நடக்கும்போது பாக்கியைக் கட்டினால்தான் குடித்தனக்காரர் எதிர்வாதம் செய்யலாம் என்ற விதி வீட்டுக்காரருக்கு இருந்த உறுதியான பிடி. கட்டத் தவறினால் மேற்கொண்டு விசாரணையின்றிக் காலி செய்ய உத்தரவு வரும்.

இதன் மறுபக்கம்தான் சுவாரசியமானது. பாக்கி விழுந்தால் வெளியேற்றலாம் என்றதும், வாடகையை வாங்க மறுத்துப் பாக்கியை உண்டாக்கும் உத்தி பிறந்தது. மாதம் பிறந்ததும் குடித்தனக்காரர் பணத்தோடு மாடிப்படி ஏறுவார். “அப்புறம் பார்க்கலாம்” என்று வீட்டுக்காரர் திருப்பி அனுப்புவார். மூன்று மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வரும். இதற்குச் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஒரு படிக்கட்டு கட்டிக் கொடுத்தது. முதலில், பணத்தை எந்த பாங்கில் போடுவது என்று கேட்டு வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் விட வேண்டும். 10 நாளில் பதில் இல்லையென்றால் மணியார்டர் அனுப்ப வேண்டும். மணியார்டர் கமிஷனை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதையும் அவர் வாங்க மறுத்தால், கண்ட்ரோலரிடம் மனுச் செய்து கோர்ட்டில் கட்டலாம். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டினாலும் வம்பு. ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் கிறுக்கிக் கொடுத்த மணியார்டர் படிவங்களைக் குடித்தனக்காரர்கள் நகைப்பெட்டியில் வைத்துக் காத்தார்கள் என்றால் மிகையில்லை. ரசீது கொடுக்காத வீட்டுக்காரரிடம் குடியிருந்தவருக்கு அந்தத் துண்டுத்தாள்தான் ஒரே சாட்சி.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டமும் ஊரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வாழ்ந்தன. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சர்வசாதாரணம். இரு தரப்பும் சிரித்துக்கொண்டே சட்டத்தை மீறின. பிறகு பாக்கிக்காக வழக்கு வந்தால் குடித்தனக்காரர் வக்கீல் எழுந்து, வரம்புக்கு மேல் வாங்கிய அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறதே, அதைக் கழித்தால் பாக்கி எங்கே என்று கேட்பார். ஆந்திரத்தின் கூடூரிலிருந்து போன ஒரு ஓட்டல் வழக்கில் 1989இலும், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 1996இலும் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. கடைகளின் உலகில் இதோடு பகடியும் உண்டு. கடையைக் கைமாற்றும்போது வெளியேறும் குடித்தனக்காரர் வாங்கும் தொகை அது. கணக்கில் வராது, ரசீது கிடையாது. உள்வாடகைக்கு விட்டால் வெளியேற்றலாம் என்று சட்டம் சொன்னதால், புதிதாக வருபவரைப் பங்குதாரராகக் காட்டி ஓர் ஒப்பந்தம் தயாராகும். பழையவர் பெயர் ரசீதில் இருக்கும். கல்லாவில் புதியவர் இருப்பார். அது உண்மையான கூட்டு வியாபாரமா, உள்வாடகையா என்று கண்டுபிடிப்பது கண்ட்ரோலர் பாடு.

நியாய வாடகை நிர்ணயம் இன்னொரு பெரும் பகுதி. ஆரம்பகாலச் சட்டங்கள் 1940 ஏப்ரல் 1க்கு முந்தைய ஓராண்டில் அந்த வட்டாரத்தில் நிலவிய வாடகையை அளவுகோலாக வைத்தன. போர் முடிந்து பத்தாண்டு ஆகியும் போருக்கு முந்தைய வாடகை வீட்டைவிட்டுப் போகவில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கை மாற்றியது. மனையின் சந்தை விலை, தேய்மானம் போக எஞ்சிய கட்டுமானச் செலவு, வசதிகளின் மதிப்பு மூன்றையும் கூட்டி, குடியிருப்புக்கு அதில் ஆண்டுக்கு 6 சதவீதம், கடை முதலியவற்றுக்கு 9 சதவீதம் என்றது. 1973இல் அவை 9, 12 என உயர்ந்தன. இதனால் வாடகை வழக்கில் வக்கீலுக்குச் சமமாக இன்ஜினியர் நுழைந்தார். சுவர் சுண்ணாம்புச் சாந்தா மண் சாந்தா, மரம் தேக்கா நாட்டு மரமா, கட்டடத்தின் வயது என்ன என்று இரு தரப்பு இன்ஜினியர்களும் ஒரே வீட்டை அளந்துவிட்டு இருவேறு வீடுகளைப் போல அறிக்கை கொடுப்பார்கள். சட்டத்தின் இணைப்புப் பட்டியலில் வசதிகளாக மின்தூக்கி, மொசைக் தரை, சுற்றுச்சுவர், தோட்டம், மேல்நிலைத் தொட்டி, மோட்டார் பம்பு, பேட்மின்டன் ஆடுகளம் எல்லாம் இருந்தன; கொல்லையில் காய்க்கும் தென்னை மரத்தின் தேங்காயைக் குடித்தனக்காரர் பறித்துக்கொண்டால் அதற்கும் அதில் இடமிருந்தது. நியாய வாடகை கேட்கும் உரிமை குடித்தனக்காரருக்கு மட்டுமல்ல, ஒப்பந்த வாடகையைவிட அதிகம் கேட்டு வீட்டுக்காரரும் வரலாம் என்று 1970களின் முற்பகுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, குடித்தனக்காரரைக் காக்க எழுந்த பிரிவு வீட்டுக்காரரின் ஆயுதமாகவும் ஆனது. மண் விலை ஏற ஏற இந்த மனுக்களில் பெரும்பாலும் வீட்டுக்காரரே மனுதாரர்.

சொந்தத் தேவை என்ற காரணத்தைப் போல மனித சுபாவத்தைக் காட்டியது வேறில்லை. அதே ஊரில் தனக்கோ குடும்பத்தாருக்கோ குடியிருக்க வேறு சொந்த வீடு இல்லாவிட்டால் காலி செய்யக் கேட்கலாம். மகனுக்குக் கல்யாணம், மகள் குடும்பம் வடக்கிலிருந்து திரும்பி வருகிறது, வயதான தாயாரால் மாடி ஏற முடியவில்லை: மனுக்களில் இவை திரும்பத் திரும்ப வரும். உண்மையாகவும் இருக்கும், வாடகையை ஏற்றுவதற்கான சாக்காகவும் இருக்கும். அதற்காகவே சட்டம் ஒரு காவலும் வைத்தது. வீட்டைப் பெற்ற ஒரு மாதத்துக்குள் வீட்டுக்காரர் குடிவராவிட்டாலோ, வந்து ஆறு மாதத்துக்குள் வெளியேறிவிட்டாலோ, பழைய குடித்தனக்காரர் மறுபடி உள்ளே வர மனுப் போடலாம். ஒரே கட்டடத்தின் ஒரு பகுதியில் இருப்பவர் கூடுதல் இடம் கேட்டால், அவருக்குக் கிடைக்கும் வசதி பெரிதா, குடித்தனக்காரர் படப்போகும் கஷ்டம் பெரிதா என்று எடைபோட வேண்டும். வெளியேற்றும் காரணங்களில் இன்னொன்று, தக்க காரணமின்றித் தொடர்ந்து நான்கு மாதம் வீட்டைப் பூட்டிவைத்திருப்பது. மலைவாசத் தலங்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. ஊட்டி வீடு பருவத்துக்குத்தான் திறக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் மறக்கவில்லை.

இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யக் கேட்பது மண் விலையோடு வளர்ந்த வழக்கு. வீட்டைப் பெற்ற ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்கி மூன்று மாதத்துக்குள் இடித்து முடிப்பதாக வீட்டுக்காரர் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டடம் உறுதியாக நிற்கும்போதே, லாபத்துக்காக இடிக்கலாமா? மவுண்ட் ரோட்டின் புகழ்பெற்ற கடிகாரக் கடையான பி. ஆர் அண்டு சன்ஸ் வழக்கில், கட்டடத்தின் நிலைமை இடிக்க வேண்டிய அளவுக்கு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதைத் திருத்தி, கட்டடத்தின் வயதும் நிலையும் பார்க்க வேண்டியவற்றில் ஒன்றுதான், அது மட்டுமே அல்ல என்றது. அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த சென்னையில் அந்தத் தீர்ப்பின் பலன் சீக்கிரமே தெரிந்தது.

இன்னும் பார்த்தால், சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதே தனி வழக்குக் குவியல். அரசு தன் விருப்பப்படி எந்தக் கட்டடத்துக்கும் விலக்கு அளிக்கலாம் என்ற அதிகாரத்தை மவுண்ட் ரோடு கெயிட்டி தியேட்டருக்குப் பயன்படுத்தியபோது, 1961இல் உச்ச நீதிமன்றம் அதிகாரத்தை ஏற்று அந்த உத்தரவை மட்டும் செல்லாது என்றது. 1976இல் கோயில்களும் அறநிலையங்களும் தங்கள் கட்டடங்களுக்கு மொத்தமாக விலக்குப் பெற்றன. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு கிடையாது என்ற பிரிவை 1986இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 400 ரூபாய் வாடகை வசதியானவரின் அடையாளம் என்பது விலைவாசி ஏறிய காலத்தில் எடுபடவில்லை.

குடித்தனக்காரரைக் கிளப்ப, கோர்ட்டுக்கே போகாத வழிகளும் இருந்தன. தண்ணீர்க் குழாயை மூடுவது, ஃபியூஸைப் பிடுங்குவது, பொதுவழியில் செங்கல் அடுக்குவது. 17ஆம் பிரிவு இவற்றைத் தடுத்தது. நிறுத்திய வசதியை உடனே திருப்பித் தர இடைக்கால உத்தரவும் வாங்கலாம். பழுதுக்கு 22ஆம் பிரிவு உண்டு, ஆனால் குடித்தனக்காரர் கழித்துக்கொள்ளக்கூடியது ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாத வாடகை. 60 ரூபாய் வாடகை வீட்டில் 60 ரூபாய்க்கு எந்தக் கூரையும் மாறாது. வாடகை உயராத வீட்டுக்குச் செலவழிக்க வீட்டுக்காரர் முன்வரவில்லை. கைமாறிப் போகக்கூடிய வீட்டுக்குக் குடித்தனக்காரரும் செலவழிக்கவில்லை. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் அரச மரம் முளைத்த பழைய மாடிகளுக்கு இந்த முட்டுக்கட்டையும் ஒரு காரணம்.

தாமதம் வாடகை வழக்கின் உயிராகவே ஆகிப்போனது. கண்ட்ரோலர், மேல்முறையீடு, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு, பிறகு நிறைவேற்று மனு என்று படி ஏறி இறங்குவதற்குள் மனுவில் ‘கல்யாணத்துக்கு நிற்கும் மகன்’ பேரன் எடுத்துவிடுவார். வீட்டைக் காலியாகவே பூட்டிவைப்பது மேல் என்று நினைத்தவர்களும், குடும்பத்துக்கு விடாமல் கம்பெனிக்கு மட்டும் விட்டவர்களும் இதனால் பெருகினார்கள். வாடகைக் கட்டுப்பாடு உள்ளே இருந்தவரைக் காத்தது, வெளியே வீடு தேடி அலைந்தவரைக் காக்கவில்லை என்ற குறை, சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற வாதத்தின் மையமாயிற்று.

தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதோடு விடைபெற்றது. நியாய வாடகை என்ற கணக்கே இதில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 11 மாதக் கணக்குப் போட்டுத் தப்ப இங்கே வழியில்லை. மாறான உடன்பாடு இல்லாத இடத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். அந்த ‘மாறான உடன்பாடு’ இருக்கும்வரை பத்து மாத அட்வான்ஸுக்குப் பெரிய ஆபத்தில்லை. வழக்குகளை வாடகை நீதிமன்றமும் மேல்முறையீட்டை வாடகைத் தீர்ப்பாயமும் பார்க்கின்றன.

புதிய சட்டத்தின் முதல் பெரிய சண்டையும் அதன் வாசகத்திலிருந்தே பிறந்தது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால், அதுவே காலி செய்யக் கேட்க ஒரு காரணம் என்கிறது 21ஆம் பிரிவு. யாரால் தவறியது என்று அந்த வாசகம் பிரித்துப் பார்க்கவில்லை. வாய்ப்பேச்சில் முப்பது ஆண்டு குடியிருந்தவரிடம் புதிய வாடகையோடு ஓர் ஒப்பந்தம் நீட்டப்படும். தொகை கட்டுப்படியாகாமல் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் வழக்கு. சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல், உள்வாடகை, இரண்டு மாதப் பாக்கி ஆகிய பழைய காரணங்களும் சிறு மாற்றங்களோடு புதிய சட்டத்தில் தொடர்கின்றன. ஆனால் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைச் சுற்றி அறுபதாண்டு நடந்த வாதத்துக்கு இப்போது வேலை குறைவு. பழைய சட்டத்தின் கீழ் முன்பே தொடுத்த மனுக்கள் பழைய விதிகளின்படியே முடிவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. தனியார் அடிமனையில் கட்டியவர்களுக்கு 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இன்னும் தனிப்பாதையாகவே நிற்கிறது.